அம்மி அரைக்காத மூன்று நாள்

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதற்கப்புறம் பேனா பிடித்ததெல்லாம் ரேஷன் கடையில் கையெழுத்துப் போடத்தான். முன்னால் வரவேண்டியது பின்னால் வந்துவிடும், சில ஊர்ப் பெயர்கள் நினைவிலேயே வராது. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதாமல் விட்டால் மிச்சமும் மறந்துபோகும் என்ற பயத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

1991-ம் வருஷம். அப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் பிள்ளைப்பாக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. மாமியார் அதைப் பார்த்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் லாரி டிரைவர், கல்கத்தா லைன். மாதத்தில் மூன்று நாளோ நான்கு நாளோதான் வீட்டில் இருப்பார். அந்த நாட்களிலும் தூங்குவார், குளிப்பார், சாப்பிடுவார், கொல்லைப் பக்கம் போய் பீடி பிடிப்பார். பேச்சு மட்டும் கிடையாது. கேட்டதற்குப் பதில், அதுவும் பாதிதான் வரும்.

எங்களுக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு ஐந்து. சின்னவள் அவரைக் கண்டாலே என் புடவைக்குள் புகுந்துகொள்வாள். ஒருமுறை அவர் வழியில் வாங்கிவந்த ஆரஞ்சுப் பழத்தை அவளிடம் நீட்டினார். அவள் கை நீட்டவில்லை. என் காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "அந்த ஆளு போனப்புறம் துன்றேம்மா" என்றாள். அவருக்கும் கேட்டுவிட்டது. பழத்தை ஜன்னலில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். இந்தப் பிள்ளைகள் ஒருநாளாவது அவர் மடியில் போய் உட்காரவேண்டும். எனக்கு அந்த நாளில் இருந்த ஆசை அது ஒன்றுதான்.

தண்ணீர் பிடிக்கிற இடத்தில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாடி, உம் புருசன் ஒரிசா பக்கம் ஒரு வூடு வெச்சிக்கீறானாமே?" என்று ஒருத்தி கேட்பாள்.

"அதான் இங்க வந்தா வாயத் தொறக்கறதில்ல. அங்கயே பேசித் தீத்துட்டு வந்துர்றான்" என்பாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரிப்பார்கள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு தலை குனிந்து வந்துவிடுவேன்.

அந்த மே மாதம் எங்கள் பக்கத்தில் நடந்தது எல்லோருக்கும் தெரியும், நான் எழுதவேண்டியதில்லை. லாரி பத்துப் பதினைந்து நாள் நின்றது. ஜூன் பிறந்து கல்கத்தாவுக்கு இரும்புச் சாமான் லோடு வந்தபோது, அவரோடு பல வருஷமாகப் போய்வந்த கிளீனர் மஞ்சள்காமாலையில் படுத்துவிட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே என் வீட்டுக்காரர் தன் அம்மாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"நான் வரேன்" என்றேன். என் வாய்தான் சொன்னது.

மாமியார் கரண்டியைப் பிடுங்காத குறை. "பொம்பள லாரியில போவாளா? ஊரு வாயால சிரிக்காதே, அது வேற எதாலயோ சிரிக்கும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "டயர் தட்டத் தெரியுமா ஒனக்கு?"

"சொல்லிக் குடுத்தா தட்றேன்."

"பசங்க?"

மாமியார் முந்திக்கொண்டார். "ரெண்டையும் இட்டுகினு போவச் சொல்லு. என்னால மேய்க்க முடியாது." கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அதுவே உத்தரவாகிவிட்டது. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். பெரியவள் மூன்றாம் வகுப்பில் முதல் சில வாரம் போகவில்லை.

கிளீனர் வேலை நான் நினைத்த மாதிரி இல்லை. லாரி பின்னால் வரும்போது கீழே நின்று, பக்கத்துப் பலகையைத் தட்டித் தட்டி "வரட்டும், வரட்டும்" என்று கத்தவேண்டும். எனக்குச் சத்தமே வராது. பெரியவள்தான் கத்தினாள், நான் தட்டினேன். மேட்டில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கட்டை வைக்கவேண்டும். நின்ற இடத்திலெல்லாம் இரும்புத் தடியால் ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்க்கவேண்டும். காற்று சரியாக இருந்தால் 'டங்' என்று திருப்பி அடிக்கும். குறைந்திருந்தால் சத்தம் உள்ளேயே விழுந்துவிடும். எனக்கு எல்லாம் ஒரே மாதிரி கேட்டது. சின்னவள் என் பின்னாலேயே வந்து, ஒரு டயரைக் காட்டி, "இது தூங்குதும்மா" என்றாள். அவர் வந்து தட்டிப் பார்த்தார். காற்று குறைந்துதான் இருந்தது. அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் ஓடி என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

செங்குன்றம் தாண்டி, தடா தாண்டி ஆந்திராவுக்குள் போனோம். ஒரு செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் எந்த ஊர் என்று கேட்டார். இவர் ஸ்ரீபெரும்புதூர் என்றதும் கையிலிருந்த காகிதத்தை அப்படியே மடித்துக் கொடுத்துவிட்டார். பிள்ளைகளைப் பார்த்தார். போங்கள் என்று கை காட்டினார். அந்தப் பயணம் முழுக்க எங்கள் ஊர்ப் பெயருக்கு அந்த மௌனம் கிடைத்தது.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகை இருக்கும். பிள்ளைகளுக்கு வீடு அதுதான். சின்னவள் நெல்லூர் வரைக்கும் வாந்தி. அவர் வண்டியை ஓரம் கட்டி எலுமிச்சம்பழத்தை அறுத்து என்னிடம் கொடுத்தார், அவளிடம் கொடுக்கவில்லை. மரத்தடிகளில் ஸ்டவ் பற்றவைத்துச் சமைத்தேன். கோதாவரிப் பாலம் வந்தபோது பெரியவள் தூண்களை எண்ண ஆரம்பித்தாள். நடுவிலேயே கணக்குத் தப்பிப்போய் அழுதாள். "திரும்பி வரசொல எண்ணிக்கலாம்" என்று அவர் முன்னால் பார்த்தபடியே சொன்னார். மூன்று நாளில் அவர் பிள்ளைகளிடம் பேசிய பேச்சு அவ்வளவுதான். நான் வந்தது வீண் என்று நினைத்தேன்.

இச்சாபுரம் தாண்டி ஒரிசாவுக்குள் நுழைந்து, பெர்ஹாம்பூருக்குக் கொஞ்சம் முன்னால் பின்பக்கம் படார் என்று சத்தம். அடியில் பாரத்தைத் தாங்குகிற மெயின் பட்டை உடைந்துவிட்டது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தபடியே ஊர்ந்தது. "இங்க வாணாம். ரெண்டு மைல்ல நம்ம வூடு கீது, அங்க போயிடலாம்" என்றார்.

நம்ம வூடு. தண்ணீர்க் குழாயடிச் சிரிப்பெல்லாம் காதுக்குள் கேட்டது.

ரோட்டோரத்தில் ஒரு சோற்றுக்கடை, அதற்குப் பின்னால் மண்வீடு, ஒரு குளம், ஒரு பெரிய ஆலமரம். ஹார்ன் சத்தம் கேட்டதும் என் வயதுப் பெண் ஒருத்தி ஓடிவந்தாள். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி, வாய் நிறைய வெற்றிலை. "பாயினா! பாயினா!" என்று கூப்பிட்டாள். இவர் கதவைத் திறந்து குதித்தார். சிரித்தார். அவர் பல் வரிசையை நான் அவ்வளவு வெளிச்சத்தில் பார்த்ததே கிடையாது. அவளிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அவள் என் பக்கம் திரும்பி, கீழே குனிந்து என் காலைத் தொட்டுவிட்டு, "பாவுஜோ" என்றாள்.

"அண்ணின்னு கூப்புடுது. பாயினான்னா அண்ணன். லைன்ல போவசொல எல்லாம் இவுங்க கடையிலதான் சோறு" என்றார் அவர். பின்னாலேயே அவள் புருஷன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நல்ல உயரம், சிரித்த முகம்.

எனக்கு உயிர் வந்தது. ஆனால் அது கொஞ்ச நேரம்தான். அவர்களுடைய மூன்று பிள்ளைகள் "மாமு, மாமு" என்று ஓடிவந்து என் வீட்டுக்காரர் மேல் ஏறினார்கள். ஒன்று கழுத்தில், ஒன்று இடுப்பில், ஒன்று காலில். அவர் ஆனை மாதிரி ஆடி ஆடி நடந்தார், பாட்டுப் பாடினார், வேண்டுமென்றே கீழே விழுந்தார். என் பெண்கள் இரண்டு பேரும் லாரி படியில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சின்னவள் கேட்டாள்: "அவுங்கள மட்டும் இன்னாத்துக்குத் தூக்கறாரு?"

நான் அங்கே பயந்து போனது இன்னொரு பெண்பிள்ளையை நினைத்து. கிடைத்தது என் புருஷன்தான். எனக்குத் தெரியாத புருஷன். அது அதைவிட வலித்தது.

பட்டை மாற்ற மெக்கானிக் வரமாட்டான் என்று தெரிந்தது. மறுநாள் முதல் அவர்களுக்குப் பண்டிகை. ரொஜோ என்று சொன்ன மாதிரி நினைவு. மூன்று நாள் பூமிக்குத் தீட்டாம். பெண்களுக்கு வருகிற மாதிரி பூமிக்கும் வருகிறதாம், அதனால் அவளுக்கு ஓய்வாம். ஏர் பூட்டமாட்டார்கள், மண்ணைக் கொத்தமாட்டார்கள். பெண்கள் எந்த வேலையும் செய்யக்கூடாது. புதுத்துணி கட்டி, காலில் செம்பஞ்சுக் குழம்பு பூசிக்கொண்டு ஊஞ்சல் ஆடவேண்டும். இதையெல்லாம் அவர் எனக்குச் சொன்னது பிற்பாடுதான். அன்றைக்குச் சொன்னது, "பண்டிக, கடை இல்ல, நாலு நாள் ஆவும்" என்பது மட்டும்.

அந்த வீட்டுச் சாப்பாடு எனக்குப் புதிதாகவே இருக்கவில்லை. தண்ணீர் ஊற்றிய பழைய சோறு கொடுத்தார்கள். பொக்காளோ என்றார்கள். பக்கத்தில் வறுத்த வடகம், பச்சை மிளகாய். என் அம்மா வீட்டில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பெண்கள் வெறுங்காலோடு மண்ணில் நடக்கக்கூடாது என்று அவள் ஜாடை காட்டினாள். என் பிள்ளைகளுக்குச் செருப்பு இல்லை. பாக்குமட்டையை வெட்டி, கயிறு கோத்து, இரண்டு பேர் காலிலும் கட்டிவிட்டாள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அந்த ஊர் அழகு என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் முழுக்க ஒரு வேலையும் இல்லாமல் இருந்தேன். உடம்பு கூசியது. நான்கு பேர் வந்து உட்கார்ந்து தின்கிறோமே என்று இருந்தது. இரண்டாம் நாள் விடிந்ததும் எழுந்தேன். என் வீட்டுக்காரர் குளிக்கக் குளத்துக்குப் போயிருந்தார், வீட்டில் வேறு யாரும் எழவில்லை. நல்ல காலமாகப் போயிற்று, இவர்கள் எழுவதற்குள் ஏதாவது செய்துவைப்போம் என்று தோன்றியது. கொல்லையில் அம்மி சுவரோரமாகச் சாத்தியிருந்தது. எடுத்துப் போட்டு, கழுவி, மிளகாயும் தேங்காயும் வைத்து அரைக்க ஆரம்பித்தேன். எங்கள் ஊர்க் குழம்பு வைத்துக் கொடுக்கவேண்டும் என்று ஆசை.

அம்மிச் சத்தம் கேட்டு அவள்தான் முதலில் வந்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் புருஷன் வந்தார். அந்தச் சிரித்த முகம் இல்லை. குரல் உயர்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒரு வார்த்தையும் புரியவில்லை. என் கையில் குழவி, விரலெல்லாம் மிளகாய். தப்பு செய்திருக்கிறேன் என்பது மட்டும் தெரிந்தது. என்ன தப்பு என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் நினைத்தேன்: என் புருஷன் சிரிக்கிற இடம் உலகத்தில் இது ஒன்றுதான், அதையும் நான் கெடுத்துவிட்டேன்.

குளத்திலிருந்து ஈரத் துண்டோடு என் வீட்டுக்காரர் ஓடிவந்தார். என்னைப் பார்த்தார், அம்மியைப் பார்த்தார். திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் அந்த மனிதர் முன்னால் கை கூப்பி ஏதோ சொன்னார். திரும்பத் திரும்பத் தன் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"இந்த மூணு நாளு அம்மியில கை வெக்கக்கூடாது. அம்மிதான் அவுங்களுக்கு பூமாதேவி. நான் ஒனக்குச் சொல்லியிருக்கணும், சொல்லாம வுட்டுட்டேன். தப்பு என்னுதுன்னு சொல்லிக்கீறேன்."

எட்டொன்பது வருஷத்தில் தப்பு என்னுது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்காக ஒருவரிடம் கை கூப்பியும் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவ்வளவுதான்! ஐயோ அம்மா என்று குதித்தேன். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததும் வேலிக்கு அந்தப் பக்கமும் சிரிப்பு. அவள் என் முகத்தில் தண்ணீரை அடித்துக் கழுவி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஆலமரத்து ஊஞ்சலில் உட்கார வைத்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்க ஏதோ சொன்னாள்.

"இன்னா சொல்லுது?" என்று கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒனக்குத் தண்டனையாம். நாளைக்கி சாயங்காலம் வரைக்கும் ஊஞ்சல்லர்ந்து எறங்கக்கூடாதாம். சொல்லாத குத்தத்துக்கு எனக்கும் தண்டனையாம்."

"உங்களுக்கு இன்னா?"

"நான்தான் தள்ளணுமாம்."

என் புருஷன் நாலு பேர் பார்க்க என்னை ஊஞ்சலில் வைத்துத் தள்ளினார். எங்கள் ஊரில் இது நடக்குமா? முதலில் வெட்கத்தில் தலை நிமிரவில்லை. மேலே போகப் போகப் புடவை காற்றில் படபடத்தது, குளம் தெரிந்தது, ரோட்டில் எங்கள் லாரி சாய்ந்து நிற்பது தெரிந்தது. எனக்கே தெரியாமல் சிரித்திருக்கிறேன். பெரியவள் கை தட்டினாள். சின்னவள் பாக்குமட்டைக் காலோடு தடக் தடக் என்று வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"என்னையும்" என்றாள்.

அவர் குனிந்தார். தூக்கினார். அவள் அழவில்லை. ஊஞ்சலில் என் மடியில் வைக்கத்தான் தூக்கினார், ஆனால் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். அவள் அவர் காதைப் பிடித்துப் பார்த்தாள். "பீடி நாத்தம்" என்றாள். அவர் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காக்கை பறந்தது.

மத்தியானம் பிள்ளைகள் கூட்டமாக விளையாடப் போனபிறகு நான் கேட்டேன். எப்படித்தான் கேட்டேனோ. "வூட்டுல ஏன் இப்டி இருக்கறதில்ல?"

தள்ளிக்கொண்டே இருந்தார்.

"நான் வரசொல நீங்க மூணு பேரும் ஒண்ணா இருக்கீங்க. ஒங்களுக்குள்ள பேச்சு, சிரிப்பு, எல்லாம் ஓடிக்கினு கீது. நான் வந்தா நின்னு பூடுது. எங்க புந்து பேசறதுன்னு தெரியல. இங்க நான் வந்தாத்தான் ஆரம்பிக்குது."

அவர் சொன்னது நிஜம். நானும்தான் அவர் வந்ததும் பிள்ளைகளை 'சத்தம் போடாதே, அப்பா தூங்கறாரு' என்று அடக்கிவைத்தேன்.

நான்காம் நாள் காலையில் அம்மிக்குக் குளிப்பாட்டு. மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, பூப் போட்டு, பழம் வைத்துக் கும்பிடுவார்கள். அவள் தண்ணீர்ச் செம்பை என் கையில் கொடுத்தாள். கோபப்பட்ட அவள் புருஷனே பக்கத்தில் நின்று, ஊற்று ஊற்று என்று கை காட்டினார். நான் அந்தக் கல்லைக் குளிப்பாட்டும்போது, எங்கள் வீட்டில் அந்த மூன்று நாளும் நான் கொல்லையில் தனியாகச் சாக்கு விரித்துப் படுத்திருப்பதை நினைத்துக்கொண்டேன். இங்கே அதே மூன்று நாளுக்கு ஊஞ்சல்.

அன்றே மெக்கானிக் வந்தான். பட்டை மாற்றிக் கிளம்பினோம். கல்கத்தாவைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் நினைவில்லை, மழையும் ஜனமும்தான். சாக்கு லோடு ஏற்றித் திரும்பும்போது அவள் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டோம். கிளம்பும்போது அவள் ஒரு முடிச்சில் வடகம் கட்டிக் கொடுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேசினாள். இவர் சுருக்கமாகச் சொன்னார்: "வர்ற வருசம் பண்டிகைக்கு வான்னுது."

போகவில்லை. கிளீனர் உடம்பு தேறி வந்துவிட்டார். பள்ளிக்கூடம், நிலம், மாமியாருக்கு உடம்பு சரியில்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் அவர் கிளம்பும்போது, "இந்த வாட்டி வரியா?" என்று கேட்பார். நான் "அடுத்த வாட்டி" என்பேன். திரும்பி வந்து, "பாவுஜோ எப்ப வரும்னு கேட்டுச்சு" என்பார். ஹார்ன் கேட்டால் பிள்ளைகள் ரோட்டுக்கே ஓடுவார்கள். டயர் தட்டுகிற வேலை சின்னவளுடையது. நான் ஆசைப்பட்டது அந்த அளவுக்காவது கிடைத்தது. அப்புறம் முதலாளி லாரியை விற்றுவிட்டார். இவர் ஒரகடத்தில் கம்பெனி பஸ் ஓட்டப் போனார். தினமும் வீட்டுக்கு வந்தார், என்னோடு பேசினார். அந்த ஊர்ப் பக்கம் போக மட்டும் வழியில்லாமல் போயிற்று. அவள் கடை அப்படியே இருக்குமா, ரோடு அகலப்படுத்தும்போது போயிருக்குமா என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்போம்.

அவர் போய் இரண்டு வருஷமாகிறது. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லி அனுப்பினோம். அவளுக்குச் சொல்லவில்லை. அண்ணன் செத்தது தங்கைக்குத் தெரியாமல் இருக்கலாமா? இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. இப்போது எங்கள் தெரு முழுக்க ஒரிசா ஜனங்கள் வாடகைக்கு இருக்கிறார்கள், எல்லோரும் கம்பெனி ஷிப்டுக்குப் போகிறவர்கள். பக்கத்து போர்ஷன் பெண்ணிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"மாவுசி, ஊர் பேர் இல்லாம எப்டி? அங்க எல்லா ஊர்லயும் குளம் இருக்கு, ஆலமரம் இருக்கு" என்றாள் அரைகுறைத் தமிழில். மாவுசி என்றால் சித்தி.

அதனால் உங்களைக் கேட்கிறேன். அந்தக் காலத்தில் கல்கத்தா லைனில் லாரி ஓட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் எழுதியதைக் கொஞ்சம் சரிபார்க்கவேண்டும். இச்சாபுரம் தாண்டிப் பெர்ஹாம்பூருக்கு முன்னால் என்று எழுதியிருக்கிறேன். ஒருவேளை பெர்ஹாம்பூருக்கு அப்பாலோ என்னவோ. கடை ரோட்டுக்கு இடதுகைப் பக்கம் என்று நினைக்கிறேன், பெரியவள் வலதுகைப் பக்கம் என்கிறாள். பண்டிகைப் பெயரையும் நாள் கணக்கையும் தெரிந்தவர்கள் பார்க்கட்டும். தப்பு இருந்தால் திருத்துங்கள். ஊர்ப் பெயர் தெரிந்தால் சொல்லுங்கள், நான் என் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் அவளிடம் நேரிலேயே சொல்லிவிட்டு வருகிறேன்.